லோகாம்பாள் வீட்டு மண்டகப்படி

காணாமல் போன ரேவதியைப் பற்றி அவருடைய மாமியார் லோகாம்பாள் காவல் நிலையத்துக்கு நேரில் வந்து சொல்ல, தலைமைக் காவலர் தேவிப்ரியா எழுதிக்கொண்டது.

என் பெயர் லோகாம்பாள். வயது அறுபத்தெட்டு. காலஞ்சென்ற கோதண்டபாணியின் மனைவி. சின்ன காஞ்சிபுரம் வேணுகோபால் சாமி கோயில் தெருவில் எங்களுக்குச் சொந்தமான ஓட்டு வீட்டில் குடியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்புவரை படித்திருக்கிறேன், தமிழ் எழுதவும் படிக்கவும் தெரியும். ஏட்டம்மா முதலில் மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார், அது எனக்கு வேண்டாம், நான் கையெழுத்துப் போடுகிறவள் என்று சொன்னேன். என்னுடன் ஆட்டோ ஓட்டும் என் மகன் அருள், அவன் மனைவி ரேவதி, வயது முப்பத்தாறு, பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி தீபிகா ஆகியோர் வசிக்கிறார்கள். ரேவதி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவள், கம்பெனி பஸ்ஸில் போய் வருவாள்.

மேற்படி ரேவதி போன வெள்ளிக்கிழமை பகலில் வீட்டை விட்டுப் போனவள் இதுவரை திரும்பவில்லை. வெள்ளிக்கிழமை நடந்ததை மட்டும் சொன்னால் போதும் என்று ஏட்டம்மா சொன்னார். வெள்ளிக்கிழமை எதுவும் நடக்கவில்லை, நடந்ததெல்லாம் அதற்கு முன்னால்தான் என்பதால் முன்னாலிருந்தே சொல்கிறேன்.

என் மகன் அருள், கோயில் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களை ஆட்டோவில் சுற்றிக் காட்டிவிட்டுப் பட்டுக் கடைக்கு அழைத்துப் போவான், அவர்கள் சேலை வாங்கினால் கடையில் இவனுக்குக் கமிஷன் தருவார்கள். அதில் நல்ல வரும்படி இருந்த காலத்தில் இன்னொரு ஆட்டோ வாங்கி வாடகைக்கு விடலாம் என்று ஃபைனான்ஸில் வண்டி எடுத்தான். வாடகைக்கு ஓட்டினவன் அதை லாரியில் மோதிவிட்டான். டியூ கட்டாததால் ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியைத் தூக்கிப்போய் ஏலம் விட்டார்கள், அதன் பிறகும் பாக்கி இருப்பதாக நோட்டீஸ் வந்தது. பாக்கியைக் கட்ட ரேவதியின் நகைகளைச் சேட்டுக் கடையில் அடகு வைத்தான், சேட்டுக்கு வட்டி கட்ட போனில் வரும் ஆப்பில் கடன் வாங்கினான், ஆப்பில் வாங்கியதைக் கட்டத் தில்லையம்மாளிடம் தண்டல் வாங்கினான். மேற்படி தில்லையம்மாள் கோயிலுக்குப் பக்கத்தில் பூக்கடை வைத்திருப்பவர், கடைக்காரர்களுக்குத் தினமும் வட்டியோடு வசூலிக்கும் தண்டலுக்குப் பணம் விடுபவர், எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். இப்படி ஒன்றை அடைக்க ஒன்று என்று என் மகன் வாங்கிக்கொண்டே போனது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆப்காரர்கள் அவன் போனில் இருந்த நம்பர்களுக்கெல்லாம் போன் போட்டு, உங்கள் ஆள் திருடன் என்று சொன்னபோதுதான் தெரிந்தது. தீபிகாவின் டீச்சருக்கும் போன் போயிருந்தது.

அன்றைக்கு ரேவதி அழவில்லை. கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்து வைத்துவிட்டு என் மகன் எதிரில் உட்கார்ந்தாள்.

"மொத்தம் எவ்ளோ? ஒண்ணுகூட விடாம சொல்லு."

அவன் சொன்னான்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"இன்னும் ஒண்ணு இருக்குது. உன் மூஞ்சிலயே தெரியுது."

தில்லையம்மாள் பெயரை அவன் அதன் பிறகுதான் சொன்னான்.

அதன் பிறகு அவள் கம்பெனி வேலையில் சேர்ந்தாள். அடுப்பங்கரை அலமாரியில் நான்கு சத்துமாவு டப்பாக்களை வரிசையாக வைத்து, ஆப், ஃபைனான்ஸ், சேட்டு, தில்லை என்று ஒவ்வொரு கடனுக்கும் ஒரு டப்பா ஒதுக்கினாள். சம்பளம் வந்ததும் அரிசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்து வைத்துவிட்டு மீதியை டப்பாக்களில் பிரித்துப் போடுவாள். என் மகன் ஆட்டோ கேஸுக்கும் டீக்கும் போக மற்றதை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கவே கூடாது என்று தீபிகாவின் தலையில் கைவைத்துச் சொல்ல வைத்தாள். அவனுடைய விலையுயர்ந்த போனை விற்றுப் பட்டன் போன் வாங்கிக் கொடுத்தாள். யாருக்கும் பயந்து ஒளியக் கூடாது என்று ஒவ்வொரு கடன்காரரிடமும் தானே நேரில் போய், இவ்வளவுதான் முடியும், இந்தத் தேதியில் கட்டுவேன் என்று சொல்லி, கட்டினதற்கு ரசீது வாங்கிக்கொண்டு வருவாள். ஆப்காரர்கள்தான் ஊரெல்லாம் போன் போடுகிறார்கள் என்று அதை முதலில் முடித்தாள். ஃபைனான்ஸ்காரர்களிடம் பேசிப் பேசிப் பாக்கியைக் குறைத்து ஒரேயடியாகக் கட்டினாள். நகையைத் திருப்புவோம் என்று காலமெல்லாம் வட்டி கட்டுவதைவிட நகை போனால் போகிறது என்று சேட்டிடமே விற்றுக் கணக்கை முடித்தாள். கல்யாண நகைகளில் தாலியும் அதில் கோத்த குண்டுகளும் மட்டும்தான் மிஞ்சின. நான் இரண்டு நாள் அவளுடன் பேசவில்லை.

ஒரு கடன் தீர்ந்ததும் அந்த டப்பாவைக் கழுவி, தொட்டிப் பக்கம் கவிழ்த்துக் காயவைப்பாள். மறுநாள் அதில் துவரம்பருப்பு இருக்கும். அடுத்ததில் புளி, அதற்கடுத்ததில் உளுந்து. தீபிகா டப்பாவைத் திறந்து, "ஆயா, ஃபைனான்ஸ்ல இன்னா புளிப்பு வாசன பாரேன்" என்று சிரிப்பாள்.

அவளுடைய சட்டதிட்டங்களில் எனக்குப் பிடிக்காதது ஒன்று, பக்கத்து வீட்டில் அரை டம்ளர் காபித்தூள்கூட வாங்கக் கூடாது என்பது. நான் எதிர்வீட்டு அம்சாவிடம் வாங்கினதைக் கண்டுபிடித்து, அன்றைக்கே கடையில் பாக்கெட் வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அம்சா வாசலில் நின்று, "இன்னா லோகாக்கா, காபித்தூளுக்கும் டியூ கட்டறாப்பல இருக்குது?" என்று கேட்டாள். அதைத் தெருவில் நாலு பேர் கேட்டார்கள்.

தில்லையம்மாளிடம் பேசப் போனபோது ரேவதி என்னையும் கூட்டிப் போனாள். அவர் பூ கட்டிக்கொண்டே பேசினார்.

"அக்கா, அசல நான் கட்டிடறேன். வட்டிய மட்டும் நிறுத்திடுங்க. மாசம் பொறந்தா மொத வாரத்துல நானே கொண்ணாந்து குடுப்பேன்."

"தண்டல்ல வட்டிய நிறுத்தறதா? நூலே இல்லாம பூவக் கட்டுன்றாப்பல சொல்றியேம்மா."

"வூட்ல பொட்டுத் தங்கம் இல்லக்கா. என் கழுத்துல இருக்குற தாலி ஒண்ணுதான். வந்து வேணா பாத்துக்கோங்க. இருந்தா நான் ஏன் உங்களக் கெஞ்சப் போறேன்?"

தில்லையம்மாள் என் காதைப் பார்த்தார். நான் கவரிங் கம்மல் போட்டிருந்தேன்.

"லோகாவே கவரிங் போட்டுக்கினு வந்துட்டா. இதுக்கு மேல வூட்ட வேற வந்து பாக்கணுமா" என்றார். அதன் பிறகு, "உன் பேச்ச நம்பித்தான் விடறேன். பொய்யின்னு தெரிஞ்சிதுன்னா பழைய வட்டி மொத்தமும் உண்டு" என்று சொல்லி ஒத்துக்கொண்டார். திரும்பி வரும்போது ரேவதி எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தாள், அவள் குடிக்கவில்லை.

என் தாயார் எனக்குப் போட்ட வெள்ளைக்கல் பதித்த தங்கக் கம்மல் அப்போது என் பெட்டியில் கூரைப்புடவை மடிப்பில் இருந்தது. சேட்டுக் கடைக்குப் போன நகைகளோடு அதுவும் போய்விட்டதாக வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். நான் இல்லையென்று சொல்லவில்லை. அது என்னுடைய பொருள் என்பதால் யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று கருதினேன்.

அதன் பிறகு தில்லை டப்பா ஒன்றுதான் பாக்கி. ரேவதி மாதம் தவறாமல் கட்டிக்கொண்டு வந்தாள். இன்னும் மிச்சமிருப்பதைத் தீபாவளி போனஸோடு சேர்த்து ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று சொல்லி, பாதிக்குமேல் டப்பாவில் சேர்த்தும் வைத்திருந்தாள்.

ஆவணி மாதம் எங்கள் தெருக் கோயிலில் உறியடி உற்சவம் நடக்கும். சாமி பல்லக்கில் புறப்பட்டுத் தெருவில் வரும்போது மண்டகப்படி உள்ள வீடுகளின் வாசலில் மட்டும் இறக்கி நிறுத்துவார்கள். அந்த வீட்டார் மாலை சாத்தி, தீபாராதனை செய்து, தெருவுக்கெல்லாம் பிரசாதம் கொடுப்பார்கள், வீட்டுத் தலைவனுக்குப் பரிவட்டம் கட்டுவார்கள். மண்டகப்படி இல்லாத வீட்டு வாசலில் சாமி நிற்காமல் போய்விடும். எங்களுக்கு என் மாமனார் காலத்திலிருந்து மண்டகப்படி உண்டு. என் கணவர் இறந்த வருஷம் தீட்டு என்பதால் பங்காளிகளை வைத்து நடத்தினோம், அப்போதும் விடவில்லை.

இந்த வருஷம் உற்சவக் கமிட்டிச் செயலாளர் குப்புசாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்று ரேவதிக்கு வார லீவு, அவளும் இருந்தாள்.

"லோகாம்மா, உங்க மண்டகப்படி வழக்கம்போல உண்டுதான?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரேவதி, "இந்த வருசம் இல்லீங்கண்ணா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள்.

"அடுத்த வருசம்ன்றதே கெடையாதும்மா. வுட்டா வுட்டதுதான். எதிர்வூட்டு அம்சா எத்தினியோ வருசமா கேட்டுக்கினே இருக்குது. அவங்களுக்குக் குடுத்துட்டா பொறவு சாமி உங்க வாசலத் தாண்டிப் போயி அங்கதான் நிக்கும்."

"நிக்கட்டும்ணா. சாமிக்கு எந்த வூடா இருந்தா இன்னா?"

"சாமிக்கு ஒண்ணுமில்லம்மா" என்று குப்புசாமி சிரித்தார். "உங்க அத்தைக்குத்தான்."

ரேவதியும் சிரித்துவிட்டு அவருக்குக் காபி போட உள்ளே போனாள். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு நான் கம்மலை எடுத்துக்கொண்டு போய் ஒரு நகைக் கடையில் விற்றேன். அடகு வைக்கவில்லை, அடகு வைத்தால் அது கடன் ஆகிவிடும். தில்லை டப்பாவை நான் தொடவில்லை. குப்புசாமி வீட்டுக்குப் போய் மண்டகப்படிப் பணத்தைக் கொடுத்து, என் மருமகளுக்குச் சொல்ல வேண்டாம், சாமி காரியம், நான் இருக்கும்போது அவளைக் கேட்க வேண்டியதில்லை என்று சொன்னேன். மாலையைத் தில்லையம்மாள் கடையில் வாங்காமல் ராஜ வீதியில் வேறு கடையில் சொல்லி வைத்தேன்.

என் மகனுக்கு உற்சவத்தன்று காலையில்தான் சொன்னேன்.

"ரேவதிக்குத் தெரியுமாம்மா?"

"உங்கப்பா பரிவட்டம் கட்டிக்கினு நின்ன வாசல்டா இது. இதுக்கு அவகிட்ட உத்தரவு வாங்கணுமா?"

அவன் போய் ஆட்டோவைக் கழுவினான். அதன் பிறகு அவனாகவே போய் வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தான்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சாமி எங்கள் தெருவுக்குள் வந்தது. மேளம் கேட்டதும் தெருவில் தறிச் சத்தம் நின்றது. எங்கள் வாசலில் பல்லக்கை இறக்கினார்கள். அர்ச்சகர், "கோதண்டபாணி குடும்பம்" என்று சொல்லிக் கூப்பிட்டு என் மகன் தலையில் பரிவட்டம் கட்டினார். அம்சா அவள் வீட்டுப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தில்லையம்மாளும் சாமியோடு பின்னால் நடந்து வந்திருந்தார், அவர் வருஷா வருஷம் வருபவர்.

அந்த நேரத்தில் ரேவதி மெயின் ரோட்டில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் வந்தாள். யூனிபார்ம் போட்டிருந்தாள், கழுத்தில் ஐடி கார்டு தொங்கியது. முதலில் சாமி எதிர்வீட்டு வாசலில்தான் நிற்கிறது என்று நினைத்திருக்க வேண்டும், அம்சாவைப் பார்த்துச் சிரித்தாள். அம்சா, "என்னப் பாத்து இன்னாத்துக்கு சிரிக்கிற? ஓடியா, உங்க வூட்டு வாசல்ல சாமி உனக்கோசரம் நிக்குது!" என்று கத்தினாள். ரேவதி திரும்பிப் பார்த்தாள். அதன் பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

நான் எல்லாருக்கும் சுண்டல் கொடுத்துக்கொண்டு வந்தேன். தில்லையம்மாளுக்கும் கொடுத்தேன்.

"வாங்கிக்கோ தில்லை. எங்க வாசல்ல எல்லாருக்கும் உண்டு. இல்லேன்றதே இல்ல."

அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாமிக்குச் சாத்தியிருந்த மாலையை மேலும் கீழும் பார்த்தார். அதன் பிறகு ரேவதியிடம் கேட்டார்.

"மால எவ்ளோம்மா?"

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதா? நான் சொல்றேன். பூக்கடக்காரி இல்லியா."

விலையைச் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். கூட்டத்தில் இரண்டொருவர் சிரித்தார்கள். ரேவதி ஐடி கார்டைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சாமி போன பிறகு அவள் அடுப்பங்கரையில் நின்றபடி, இதற்குப் பணம் எதில் வந்தது என்று கேட்டாள். என் கம்மலை விற்றேன், உன் டப்பாவில் கை வைக்கவில்லை என்று சொன்னேன்.

"கம்மல் இருந்துச்சா?"

"என்னுது."

"அது இருந்துச்சின்னு தெரிஞ்சிருந்தா இந்த டப்பாவ எப்பவோ கவுத்திருப்பேன் அத்தை."

"உன் டப்பாவுல போட்டா யாருக்குத் தெரியும்?" என்று நான் கேட்டேன். நான் கேட்டதை அப்படியே எழுதிக்கொள்ளும்படி ஏட்டம்மாவிடம் சொன்னேன்.

மறுநாள் காலையில் தில்லையம்மாள் வந்தார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை, வாசலிலேயே நின்றார். என் மகன் அதற்கு முன்பே ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"சாமிக்குக் குடுத்தத நான் தப்பு சொல்லல. எனக்கு இல்லேன்னு சொல்லிட்டு சாமிக்குக் குடுத்தீங்க பாரு, அதத்தான் சொல்றேன். பொட்டுத் தங்கம் இல்லேன்னு எங்கிட்ட சொன்னவ யாரு? நீதானம்மா?"

"அக்கா, எனக்கு நெசமாவே தெரியாது."

"ஒரே கூரைக்குக் கீழ குடும்பம் நடத்திக்கினு தெரியாதா? வட்டிய நிறுத்த வெச்சி, அந்த வட்டிக் காசுல என் முன்னாடியே மால போட்டு, எனக்கே சுண்டலும் குடுத்துட்டீங்க. நல்லாதாம்மா ஏமாத்தினீங்க. வர வெள்ளிக்கெழமைக்குள்ள பழைய வட்டியோட மொத்தமும் வரணும்."

அப்போது நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கம்மலை மறைத்து வைத்தது நான்தான், ரேவதிக்கு அது தெரியாது என்று நான் வெளியே வந்து சொல்லவில்லை. எதிரில் அம்சா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு தில்லையம்மாள் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கும் போயிருக்கிறார். இது எனக்கு அப்போது தெரியாது, ரேவதியுடன் வேலை பார்க்கும் பெண்கள் இப்போதுதான் சொன்னார்கள். "கையெடுத்துக் கும்பிட்டு வட்டிய நிறுத்தினவளப் பாருங்கடி, இவ வாசல்ல பெருமாள் எறங்கி நிக்கிறாரு" என்று எல்லார் முன்பும் சொன்னாராம். வீட்டில் கடன் இருப்பதை ரேவதி அந்தப் பெண்களிடம் சொன்னதில்லையாம். அன்றிலிருந்து பஸ்ஸில் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வாளாம்.

அந்த நாட்களில் நானும் அவளும் பேசிக்கொள்ளவில்லை. காலையில் என் சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். எனக்குப் பல் இல்லாததால் சாதத்தைக் குழைய வடித்து, பொரியலை மசித்து வைப்பாள். பேசாமல் இருந்த நாட்களிலும் மசித்துத்தான் வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் பஸ்ஸுக்குப் போகவில்லை. வார லீவு மாறியிருக்கும் என்று நினைத்தேன், கேட்கவில்லை. சமைத்து வைத்தாள், அதன் பிறகு தொட்டியடியில் ஏதோ தேய்த்துக் கழுவும் சத்தம் கேட்டது, அதன் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. நான் ரேழியில் கட்டிலில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று ஏட்டம்மா கேட்கிறார். எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

உச்சி வெயிலில் தில்லையம்மாள் எங்கள் தெருவுக்கு வந்து சத்தம் போட்டார். "எல்லாரும் கேட்டுக்கங்கமா! லோகாம்பா வூட்டுக் கடன் பைசா பாக்கி இல்லாம தீந்துபோச்சி! இனிமே ரேவதிய யாரும் ஒரு வார்த்த கேக்கக் கூடாது!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என்னைக் கேலி செய்யத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் எங்கள் கதவைத் தட்டினார். நான் எழுந்து போய் உள்தாழ்ப்பாள் போட்டேன். வெகு நேரம் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

தண்ணீர் குடிக்க அடுப்பங்கரைக்குப் போனபோது தில்லை டப்பா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் அதன் மூடி.

மாலையில் தீபிகா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். விளக்கு வைத்த பிறகும் ரேவதி வரவில்லை. போன் போட்டால் வீட்டுக்குள்ளேயே மணி அடித்தது. என் மகனை வரவழைத்து அவன் ஆட்டோவிலேயே தில்லையம்மாள் கடைக்குப் போனோம். அவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"எத்தினி வாட்டி கதவத் தட்டினேன் லோகா. ஏன் தொறக்கல?"

அதன் பிறகு அவர் சொன்னது என்னவென்றால், அன்று பகலில் ரேவதி கடைக்கு வந்து டப்பாவில் இருந்த பணத்தையும், அதோடு இன்னும் கொஞ்சம் பணத்தையும் கொடுத்திருக்கிறாள். அந்தப் பணம் ஏது என்று இவர் கேட்டாராம். தில்லையம்மாள் அவள் கழுத்தைப் பார்த்திருக்கிறார். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டியிருந்தாளாம். பணம் வேண்டாம், எடுத்துப் போய்த் தாலியை வாங்கிக் கட்டு என்று தில்லையம்மாள் சொல்லியிருக்கிறார், அவள் பூத்தட்டில் பணத்தை வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாளாம்.

"கணக்கு தீந்துச்சின்னு எங்க தெருவுல வந்து நீங்களே சத்தமா சொல்லிடுங்கக்கா. நான் சொன்னா இனிமே யாரும் நம்ப மாட்டாங்க."

தில்லையம்மாள் கடையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார். "அத மட்டும் சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்னு நெனச்சிக்கினியா? புள்ள மூஞ்சி சரியில்ல, பஸ் ஸ்டாண்டு பக்கமா நடந்து போவுது, ஓடிப்போயி கூட்டிக்கினு வாங்கன்னு சொல்லத்தான் தட்டினேன்" என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்து அழுதார். நான் அழவில்லை. அவர் அந்தப் பணத்தை எங்களிடம் திருப்பிக் கொடுத்தார், என் மகன் வாங்கவில்லை. அது இன்னும் அவர் கடையில்தான் இருக்கிறது. அவர் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

ரேவதியின் பிறந்த ஊர் தாமல். அங்கே அவள் அண்ணன் வீட்டுக்கு அவள் வரவில்லை. தாமல் ஸ்டாப்பிங்கில் மஞ்சள் கயிறு கட்டிய ஒரு பெண் இறங்கினதாக டீக்கடைக்காரர் ஒருவர் சொல்கிறார், அவள்தான் என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நேற்று அந்த ஊர் ஏரியில் ஆள் இறக்கித் தேடினார்கள், எதுவும் கிடைக்கவில்லை. ஏரியைப் பற்றி ஏட்டம்மா என்னிடமும் கேட்டார். ரேவதி ஏரிக்கரை ஊரில் பிறந்தவள், நன்றாக நீந்தத் தெரிந்தவள், இப்போது ஏரியில் நடுவில் மட்டும்தான் தண்ணீர் இருக்கிறது என்று சொன்னேன்.

அடையாளம் கேட்டதற்குத் தீபிகா சொன்னதைச் சொல்கிறேன். பச்சை சுடிதார், வெள்ளைத் துப்பட்டா, அவைதான் அலமாரியில் இல்லையாம். கம்பெனி யூனிபார்ம் மடித்து அலமாரியில் இருக்கிறது. தீபிகாவின் பள்ளிப் பையில் அவளுடைய அம்மாவின் ஏடிஎம் கார்டு இருந்தது. அன்று காலை பள்ளிக்குப் புறப்படும்போது, "யார்கிட்டயும் எதுவும் கடன் வாங்காத, வேணும்னா இதுல எடுத்துக்கோ" என்று சொல்லிக் கொடுத்தாளாம். போனஸ் வரும் என்று குழந்தை நினைத்துக்கொண்டு சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். இப்போது இரவெல்லாம் அதைக் கையிலேயே வைத்திருக்கிறாள்.

எங்கள் வீட்டுக் கடன்கள் எதுவும் ரேவதி வாங்கினவை அல்ல. வாங்கினவன் என் மகன். அடைத்தவள் அவள். இன்றைய தேதியில் எங்களுக்கு யாரிடமும் ஒரு பைசா கடன் இல்லை. உளுந்து, புளி, துவரம்பருப்பு டப்பாக்களுக்குப் பக்கத்தில் அந்தக் கடைசி டப்பா இருக்கிறது, அதில் என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே வருவதற்கு முன்பு நான் குப்புசாமி வீட்டுக்குப் போய் எங்கள் மண்டகப்படியை எதிர்வீட்டு அம்சாவுக்கே கொடுத்துவிடும்படி சொல்லிவிட்டு வந்தேன். அம்சாவிடமும் நானே போய்ச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப யாருக்குக்கா வேணும் அது" என்றாள். இதை எழுதத் தேவையில்லை என்று ஏட்டம்மா சொல்கிறார். தேவை, எழுதுங்கள் என்று சொன்னேன். அவளை எங்கேயாவது பார்த்தால், வீட்டுக்கு வா என்று மட்டும் சொன்னால் வரமாட்டாள். "இனிமே நம்ம வாசல்ல சாமி நிக்காதும்மா" என்று உன் அத்தை சொன்னாள் என்று சொல்லச் சொல்லுங்கள். அதைச் சொன்னால் வருவாள்.

மேலே உள்ளதை ஏட்டம்மா எனக்குப் படித்துக் காட்டினார், அதன் பிறகு நானும் வாங்கி எழுத்துக் கூட்டி ஒரு முறை படித்தேன். நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது. கூட்டிச் சொன்னதும் இல்லை, என் மேல் உள்ளதை மறைத்துச் சொன்னதும் இல்லை. உண்மை என்று ஒப்புக்கொண்டு என் கையாலேயே பெயர் எழுதுகிறேன்.

கோ. லோகாம்பாள்